ஃபைல் எங்கே போயிற்று?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் உனக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். 'ஃபைல் இஸ் டிஸப்பியர்டு' என்று நீ எழுதினாய், உன் மேலதிகாரி அந்த 'இஸ்'ஸை அடித்துவிட்டு 'ஹேஸ்' போட்டார், ஏன் என்று அவரும் சொல்லவில்லை. படுத்த பிறகும் அதே யோசனைதான்.

நீ தடுக்கி விழுந்த இடம் எனக்குப் புரிகிறது. 'இஸ் மிஸ்ஸிங்', 'இஸ் கான்' எல்லாம் சரியாக இருக்கும்போது இது மட்டும் ஏன் கூடாது? மிஸ்ஸிங் என்பது இப்போதைய நிலையைச் சொல்கிறது. டிஸப்பியர் நடந்த செயலைச் சொல்கிறது, அதுவும் தானாக நடந்த செயலை. நம்மிடம் மறைந்தது, மறைத்தான் என்று ஜோடி உண்டு. ஒரே ஒரு ஒற்று மாறினால் பழி ஒருவன் தலையில் விழுந்துவிடும். டிஸப்பியருக்கு அந்த ஜோடி கிடையாது. யாரோ ஒளித்தார்கள் என்றால் 'ஹைட்' என்று வேறு சொல்லுக்குத்தான் போகவேண்டும்.

ஆனால் ஓரிடத்தில் இந்த இலக்கணம் வளைந்தது. அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கேட்டால், எங்களுக்குத் தெரியாது என்றார்கள். 1977இல் தாய்மார்கள் சிலர் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடி, பிள்ளைகள் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். பிறகு வாராவாரம் வியாழக்கிழமை, தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களைச் சொல்லும்போது மட்டும் ஆங்கிலத்தில் 'வாஸ் டிஸப்பியர்டு' சரி. தமிழிலும் 'காணாமல் போனோர்' போதாமல் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்கிறோம் அல்லவா? போகவில்லை, ஆக்கினார்கள். ஆகஸ்ட் 30ஐ அவர்களுக்கான நாளாக ஐ.நா. வைத்திருக்கிறது. உன் ஃபைலை யாரும் கடத்தவில்லை என்பதால் உனக்கு 'ஹேஸ்'தான்.

இன்னொரு வம்பும் உண்டு. 'மறைந்தார்' என்றால் நமக்கு இறந்தார். அதை அப்படியே டிஸப்பியர்டு என்று எழுதிவிடாதே. படிக்கிறவர் போலீசில் புகார் கொடுத்தாயிற்றா என்று கேட்பார். அங்கே 'பாஸ்டு அவே' போடு. எழுத்துக்கூட்டலையும் பார்த்துக்கொள்: எஸ் ஒன்று, பி இரண்டு. 'அப்பியர்' முன்னால் 'டிஸ்' ஒட்டியது, அவ்வளவுதான். எனக்கே வெகுநாள் மாறிப்போகும்.

அப்பியர் என்றால் கண்ணுக்குத் தெரிவது. நம் 'காணாமல்' என்பதிலும் காண்பதுதான் இருக்கிறது. இரண்டு மொழியிலும் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்திலிருந்துதான் பேச்சே. போனவருக்கு அவர் எங்கேயும் போகவில்லை.

வானிஷ் என்பதும் இதே குடும்பம்தான். ஆனால் அது சட்டென்று, இமைப்பதற்குள் நடப்பது. டிஸப்பியர் மெள்ளவும் நடக்கும். போன மாதம் நீ மூன்று வாரம் பேசாமல் இருந்தாயே, அப்பா அதை 'வானிஷ்' என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் தினமும் பேசினாய், பிறகு ஞாயிறு தவறாமல், பிறகு 'அம்மா, பிஸி' என்று ஒரு வரி. எனக்கு அது டிஸப்பியர்தான்.

அந்த ஃபைல் கிடைத்ததா? வேறு ஃபோல்டரில் தேடிப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா