நான்கு வெண்கலம் வென்றவரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்கால ஒலிம்பிக் நடைபெறும் நாட்களில் நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கம் பெரும்பாலும் தங்கம் வென்றவர்களின் பெயரோடு நின்றுவிடுகிறது. அந்தப் பட்டியலில் ஒருமுறைகூட இடம்பெறாதவர், ஆனால் கட்டாயம் எழுதப்பட வேண்டியவர், பிரான்ஸின் நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர் மொரிஸ் மனிஃபிகா.

மோன் பிளாங்க் மலையை அண்ணாந்து பார்த்தபடி இருக்கும் சலான்ஷ் என்ற ஊரில் 1986-இல் பிறந்த அவர், 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஆளுக்குப் பத்து கிலோமீட்டர் என நால்வர் பங்கேற்கும் தொடர் போட்டியில் இறங்கியபோது, பிரான்ஸ் நான்காவதாகவே வந்தது. 2006-இல் துரினிலும் பிரான்ஸுக்கு அதே நான்காம் இடம்தான். இருமுறை நூலிழையில் பதக்கத்தைத் தவறவிட்ட நாடு, 2014-இல் சோச்சியில், இந்த விளையாட்டின் தாயகம் போன்ற நார்வேயையே நான்காம் இடத்துக்குத் தள்ளி வெண்கலம் பெற்றது. அதன்பின் 2018 பியோங்சாங்கிலும் 2022 பெய்ஜிங்கிலும் அதே போட்டியில் வெண்கலம் கிடைத்தது. பியோங்சாங்கில் ரிஷார் ஷூவுடன் இணைந்து இருவர் அணி ஸ்பிரிண்ட் போட்டியிலும் ஒன்றை வென்றதால், மனிஃபிகாவின் ஒலிம்பிக் பதக்கங்கள் நான்காயின.

இந்தத் தொடர் போட்டியில் கைமாற்றுவதற்குக் கோல் கிடையாது. மேடுபள்ளங்களைக் கடந்து மூச்சிரைக்க வருபவர், காத்து நிற்கும் தோழரைக் கையால் தொட்ட பிறகே அவர் புறப்பட முடியும். முதல் இருவர் பனியில் பதித்த தடத்திலேயே கால்களை நேராக முன்னும் பின்னும் செலுத்த வேண்டும். அடுத்த இருவர் ஸ்கேட்டிங் செய்வதுபோல் பக்கவாட்டில் உந்திச் செல்லலாம். மனிஃபிகாவின் பலம் இந்த இரண்டாவது பாணி. 2015-இல் ஸ்வீடனின் ஃபாலுன் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் 15 கிலோமீட்டர் தனிநபர் வெள்ளியை அவர் வென்றதும் அதில்தான். ஆயினும் சோச்சியில் அணிக்குத் தேவைப்பட்டபோது அவர் இரண்டாவது ஆளாகத் தடத்திலேயே சறுக்கினார். பெய்ஜிங்கில் 35 வயதில் கடைசி ஆளாக நின்று எல்லைக்கோட்டைக் கடந்தார். என் பார்வையில், அவருடைய நான்கு பதக்கங்களையும்விட இதுவே பெரிது.

இனி வரும் குளிர்கால ஒலிம்பிக் செய்திகளில், தொடர் போட்டிகளில் மூன்றாவதாக வரும் நால்வரின் பெயர்களையும் ஒரு வரியிலாவது அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.