கடல்மேல் பாதை போட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

சீ கிளிஃப் பாலத்தைக் கட்டிய அனைவருக்கும், ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஸ்கார்பரோவிலிருந்து வணக்கம்.

நீங்கள் கட்டிய பாலம் 2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை அன்று திறந்தது. இருபது வருடம் ஓடிப்போயிற்று. அன்றே சொல்லியிருக்க வேண்டிய நன்றியை இவ்வளவு காலம் மனதிலேயே வைத்திருந்தேன். இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. சிட்னியிலிருந்து ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கு வரும் நம் மக்கள், தரிசனம் முடித்து, கேண்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு, பால்ட் ஹில் குன்றின் மேல் நின்று கடலைப் பார்த்துவிட்டு, அப்படியே கீழே இறங்கி இந்தப் பாலத்துக்கும் வருகிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். மலையை ஒட்டிப் போகாமல் கடலுக்குள் வளைந்து போகிறதே, அழகுக்காகவா இப்படிக் கட்டினார்கள் என்று என்னிடமே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

நான் 2001-இலிருந்து இங்கே குடியிருக்கிறேன். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. குளிப்பாட்டி, மாத்திரை எடுத்துக் கொடுத்து, காலைச் சாப்பாடு செய்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அப்போது நான் பார்த்துக்கொண்டவர்களில் நான்கு பேர் கோல்கிளிஃபிலும் ஸ்டான்வெல் பார்க்கிலும் இருந்தார்கள். இடையில் இருந்தது லாரன்ஸ் ஹார்கிரேவ் டிரைவ் என்ற அந்தக் கடலோரச் சாலை. ஒரு பக்கம் தலைக்கு மேல் செங்குத்தான பாறை, மறுபக்கம் காலுக்குக் கீழே கடல். காரை எடுத்தால் பத்து நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். மழை இல்லாவிட்டால்.

ஒரு நாள் காலை, இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வளைவு திரும்பியதும் பாதை நடுவில் அம்மிக்கல் அளவுக்கு ஒரு கல். மழையில் நனைந்த பக்கம் கறுப்பாக இருந்தது. உடைந்த பக்கம் மட்டும் வெளிறிய மஞ்சளில், இப்போதுதான் வெட்டிய மரம் மாதிரி. பின்னால் வந்த வண்டிக்காரர் இறங்கி வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அதை உருட்டி ஓரமாகத் தள்ளினோம். தள்ளிக்கொண்டிருக்கும்போதே மேலே எங்கோ சரளை உதிர்கிற சத்தம் கேட்டது. அவர் என் தோளைத் தட்டி, "போ, வண்டியை எடு" என்றார். நான் கிளம்பும்வரை அவர் கிளம்பவில்லை. அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் நன்றி அவருக்கு.

அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் சமையலறை மேசையில் ஒரு ரொட்டித் துண்டை வைத்தார். அதன் மேல் கெட்டி பிஸ்கட் ஒன்றை வைத்தார். ரொட்டியின் ஓரத்தில் கொஞ்சம் டீயை ஊற்றி விரலால் அழுத்தினார். ரொட்டி கரைந்து உள்வாங்கியதும் பிஸ்கட் சாய்ந்து தட்டில் விழுந்தது. "அவ்வளவுதான்" என்றார். மேலே இருப்பது கெட்டியான ஸ்கார்பரோ மணற்கல். அதன் அடியில் இருப்பது வொம்பாரா களிக்கல். எங்கள் ஊர்ப் பெயர்களையே பாறைக்கும் வைத்திருக்கிறார்கள். களிக்கல் மழையிலும் காற்றிலும் சீக்கிரம் உதிர்ந்துவிடும். அடி அரித்துப்போனால் மேலே துருத்தி நிற்கும் மணற்கல் விரிசல் விட்ட இடத்தில் பிளந்து விழும். இன்னும் கீழே கடல் வேறு அரித்துக்கொண்டே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே போட்ட சாலை அது.

2003 ஆகஸ்டில் சாலையை மூடினார்கள். வழக்கமாக மழைக்கு மூடி, கல்லை வாரிப்போட்டுவிட்டுத் திறப்பார்கள். இந்த முறை திறக்கவில்லை. இனி இந்தப் பாதை பாதுகாப்பில்லை என்று நிரந்தரமாகவே மூடிவிட்டார்கள். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கண்ணுக்கு எதிரே இருக்கும் ஊருக்குப் போக, தெற்கே திரூல்வரை போய், புல்லி கணவாயில் ஏறி, நெடுஞ்சாலையைப் பிடித்து, வடக்கே சுற்றி, திரும்பவும் மலையிறங்கி வர வேண்டும். ஊரே கொதித்தது. கடை வைத்திருந்தவர்களுக்கு வியாபாரம் படுத்தது. பிள்ளைகளின் பள்ளிப் பயணம் நீண்டது.

மூடும் முடிவை எடுத்தவர்களுக்கு இன்று நான் மனதார நன்றி சொல்கிறேன். ஒரு சாலையை மூடுவதற்கு யாரும் மாலை போட மாட்டார்கள், வசவுதான் கிடைக்கும். அதைத் தாங்கிக்கொண்டு மூடினீர்கள். அந்தப் பாறைக்கு அடியில் வாரத்துக்கு ஐந்து நாள் போய் வந்தவள் நான். என் பிள்ளைகள் அம்மாவோடு வளர்ந்ததற்கு நீங்களும் ஒரு காரணம்.

மூடியதோடு விட்டுவிடாதீர்கள், எங்களுக்கு வழி வேண்டும் என்று விடாமல் குரல் கொடுத்த ஊர்க்காரர்களுக்கும் அதே அளவு நன்றி. கடிதம் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள். வேலை முடிந்து களைத்து வந்து நான் படுத்துத் தூங்கிய இரவுகளில் அவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இரண்டேகால் வருடம் என் வேலையைக் காப்பாற்றியது ரயில். ஸ்கார்பரோவுக்கு அடுத்த நிறுத்தம் கோல்கிளிஃப், மலையைக் குடைந்த பாதை வழியாகப் போகும். ஆனால் ரயில் அடிக்கடி வராது. ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய வேலையே குலைந்துவிடும். அப்படித் தாமதமாகப் போன நாட்களில் ஒரு பாட்டி கூட என்னைக் கடிந்துகொண்டதில்லை. ஒருவர் தானே எழுந்து டீ போட்டு, எனக்கும் ஒரு கோப்பையை மூடி வைத்திருப்பார். அவர்கள் யாரும் இன்று இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், நன்றி பாட்டி.

2004 புரட்டாசிக்கு அம்மா ஊரிலிருந்து வந்தாள். அவள் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள். சாலை மூடிய கதையைச் சொன்னதும், "இதுக்கா இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? பாம்பன்ல ரோட்டுப் பாலம் வந்தது 88-லதான். அதுவரைக்கும் ராமேஸ்வரம் போக எங்களுக்கு ரயில்தானே?" என்றாள். ஆனால் புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. 1985-இல் குடமுழுக்கு கண்ட கோயில் ஹெலன்ஸ்பர்க்கில் இருக்க, நாங்களோ மூடிக் கிடந்த சாலைக்கு இந்தப் பக்கம். ரயிலில் போனாலும் நிலையத்திலிருந்து கோயிலுக்கு மேடேறிப் போக அவள் முழங்கால் ஒத்துழைக்காது. அன்று பார்த்து என் கார் பழுது பார்க்கும் கடையில்.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் சாவியோடு வந்து நின்றார். புல்லி கணவாய் வழியாகச் சுற்றி அழைத்துப் போனார். அந்தச் சனிக்கிழமை மட்டுமல்ல, கார் சரியாகி வந்த பிறகும் எல்லாச் சனிக்கிழமையும் அவரே ஓட்டினார். கோயில் வாசலில் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து, சாக்ஸை மடித்து உள்ளே வைத்துவிட்டு, வெறுங்காலோடு அம்மாவுக்குக் கை கொடுத்துப் படியேற்றுவார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. புளியோதரையை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடக் கற்றுக்கொண்டார்.

சரி, இனி பாலத்துக்கு வருகிறேன்.

அந்தப் பாறையை வலை போட்டுக் கட்டலாம், விழும் கல்லைத் தாங்கச் சாலைக்குக் கூரை போடலாம், உள்ளே குடைந்து போகலாம் என்று ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நீங்கள் எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, ஆபத்து மிகுந்த இடத்தில் மலையை விட்டு விலகிக் கடலுக்குள் போவது என்று முடிவெடுத்தீர்கள். மலை இனியும் உதிரத்தான் போகிறது, உதிரட்டும், அடியில் ஆள் இருக்க வேண்டாம். இவ்வளவு எளிமையான யோசனைக்குப் பின்னால் எவ்வளவு கணக்கு இருந்திருக்கும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. மாநிலச் சாலைத் துறை, பார்க்லே மௌலம், மான்செல், காஃபி ஜியோசயன்சஸ் என்று அரசும் கட்டுமானக்காரர்களும் வடிவமைப்பாளர்களும் பாறை ஆய்வாளர்களும் ஒரே கூட்டணியாக வேலை செய்தீர்கள். செலவு 5 கோடியே 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்.

பார்ப்பதற்கு ஒரே பாலம்தான். உண்மையில் அது இரண்டு. ஒன்று 455.6 மீட்டர், இன்னொன்று 210 மீட்டர். சேர்ந்து 665 மீட்டர் சொச்சம். சின்னதை ஒரு முனையிலேயே துண்டு துண்டாக வார்த்து, வார்த்ததை ஜாக்கி கொண்டு முன்னால் தள்ளித் தள்ளியே தூண்கள் மேல் கொண்டு சேர்த்தீர்கள். பெரியதைக் கட்டிய விதம் வேறு. ஒவ்வொரு தூணின் உச்சியிலிருந்தும் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கை நீள வேண்டும். இந்தப் பக்கம் ஒரு துண்டு கான்கிரீட் வார்த்தால் அந்தப் பக்கமும் ஒன்று வார்க்க வேண்டும். ஒன்றைவிட இன்னொன்று அதிகம் நீண்டால் எடை சாய்ந்துவிடும். ஒவ்வொரு துண்டும் இறுகியதும் உள்ளே ஓடும் எஃகு வடங்களை இழுத்து முறுக்கேற்றிப் பிடிக்க வைப்பீர்கள். இப்படியே நீட்டி 108 மீட்டர் அகலத்தை நடுவில் தாங்கல் இல்லாமல் தாண்டினீர்கள்.

2005 மார்ச்சில் ஊருக்குக் கிளம்பும் முன் அம்மாவை வேலிவரை அழைத்துப் போய் அதைக் காட்டினேன். ஒற்றைத் தூண், இரண்டு பக்கமும் நீண்ட கை, முனையில் தொங்கும் கூண்டுக்குள் எறும்பு மாதிரி ஆட்கள், கீழே பாறைத் தட்டில் அலை வந்து மோதி வெள்ளையாகச் சிதறுகிறது. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "காவடி தூக்கிட்டு நிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு என்னால் அதை வேறு எதுவாகவும் பார்க்க முடியவில்லை.

வேலியோரம் நின்றிருந்த ஒரு தொழிலாளி அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டார். முருகனுக்குத் தோளில் தூக்கும் பாரம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. "ஆமாம், இரண்டு பக்கமும் சரியாக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். கைவிரல் இடுக்கெல்லாம் சிமெண்ட் வெள்ளை. உப்புக் காற்றில் உதடு வெடித்திருந்தது. அந்தக் கூண்டுக்குள் குளிரிலும் காற்றிலும் நின்றவர்கள், கம்பி கட்டியவர்கள், கிரேன் ஓட்டியவர்கள், பாறை முகத்தில் கயிற்றில் தொங்கித் தளர்ந்த கற்களைத் தட்டி இறக்கியவர்கள் என்று உங்கள் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் முதன்மையாக உங்களுக்குத்தான்.

பாலத்துக்குப் பெயர் கொடுத்தது உள்ளூர்ப் பள்ளிச் சிறுமி ஒருத்தி. அவளுக்கும் நன்றி. பெரியவர்கள் வைத்திருந்தால் ஏதாவது தலைவர் பெயராகப் போயிருக்கும். அப்போதைய மாநில முதல்வர் மாரிஸ் யெம்மா திறந்து வைத்தார். மறுநாள் திங்கட்கிழமை, வேலைக்குக் காரிலேயே போனேன். பாலத்தின் நடுவில் வேகத்தைக் குறைத்து ஜன்னலை இறக்கினேன். இடது பக்கம் மலை தள்ளி நின்றது. அந்த வழியில் போகும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, நிமிர்ந்து மேலே பார்த்துக்கொண்டே ஓட்டுவது என் பழக்கம். அன்று என் கை தளர்ந்திருந்ததைக் கோல்கிளிஃப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

அம்மா 2006-இல் மறுபடியும் வந்தாள். நடைபாதையில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, முக்கால் மணி நேரம் எடுத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தாள். சுற்றி அழைத்துப் போன பெரியவரும் கூடவே நடந்தார். நடுவில் நின்று இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டாள். கடலையா, மலையையா, பாலத்தையா என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் இரண்டு நாள் விடாத மழை. விட்ட மறுநாள் காலை, வழக்கம்போல் பாலத்தின் தெற்கு முனையான கிளிஃப்டனில் காரை நிறுத்திவிட்டுப் பாலத்தில் கொஞ்ச தூரம் நடந்தேன். பாறை முகத்தில் வெளிறிய மஞ்சளில் புதுசாக ஒரு தழும்பு. கீழே, புதர் மண்டிய பழைய சாலையின் மேல், என் கார் அளவுக்கு ஒரு கல் கிடந்தது. நின்று பார்த்தேன். அப்புறம் நேரமாகிவிட்டது என்று திரும்பி நடந்தேன். எட்டு மணிக்குக் கோல்கிளிஃபில் ஒரு தாத்தாவுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும்.

நன்றியுடன்,
ஸ்கார்பரோவில் குடியிருக்கும் ஒருத்தி