ஒரே வரைபடம்

அன்னூர்
தை 9

அன்புள்ள முருகேசுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தது. மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. இந்த வருசமும் பட்டிப் பொங்கலுக்குத் தெப்பக்குளம் வெட்டி மாடு மிதிக்க விட்டீர்களா? இங்கே எங்கள் தெருவில் இரண்டே வீட்டில்தான் மாடு இருக்கிறது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரே பட்டி போட்டார்கள்.

எங்கள் ஊர்க் குட்டையில் தண்ணீர் நிற்கிறது. சின்ன வயதில் நாம் அதில் கிரிக்கெட் ஆடியது உனக்கு ஞாபகம் இருக்கும். அத்திக்கடவு – அவிநாசித் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்து வைத்தார்கள், அந்தத் தண்ணீர்தான். குழாயில் முதலில் காற்றுச் சத்தம்தான் வந்தது, அப்புறம் கலங்கலாக ஒரு வீச்சு. பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா கற்பூரம் ஏற்றிவிட்டார். ஈரோடு, திருப்பூர், கோவை மூன்று மாவட்டத்திலும் சேர்த்து 1,045 ஏரி குளம் குட்டைகள், 1.5 டி.எம்.சி. உபரி நீர். பெயர்தான் அத்திக்கடவு. தண்ணீர் எடுப்பது பவானியில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே. அங்கிருந்து மேட்டுக்கு ஏற்றி அனுப்ப ஆறு நீரேற்று நிலையங்கள். அறுபது வருசமாகக் கேட்டுக் கேட்டு, கேட்டவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்த பிறகு வந்திருக்கிறது. என் அப்பா பார்த்திருக்க வேண்டும்.

சரி, இந்தக் கடிதத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. என் தங்கை மகள் கவிதா உதவிப் பொறியாளராகச் சேர்ந்திருக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா, பொங்கலுக்கு வந்தவள் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். மலையடிவாரக் கிராமங்களுக்கு ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டம். குழாய் போகும் வழியில் காப்புக்காடு கொஞ்சம், நெடுஞ்சாலை ஒன்று, ரயில் பாதை ஒன்று, நீரேற்று நிலையத்துக்கு உயரழுத்த மின் இணைப்பு. "எந்த அனுமதியை மாமா முதலில் வாங்குவது?" என்று கேட்டாள்.

எனக்கு நாம் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசாமல் இருந்த அந்த எட்டு மாதம்தான் ஞாபகம் வந்தது. நீ காட்டிலாகாவில், நான் தண்ணீர்ப் பக்கம். என் புலப்படத்தில் புறம்போக்கு என்று இருந்த நிலம் உன் வரைபடத்தில் காப்புக்காடாக இருந்தது. ஊர்க்காரர்களைக் கேட்டால் 'அது எங்க காடு' என்றார்கள். நம் பக்கத்தில் சோளம் விதைக்கும் மானாவாரி நிலமும் காடுதானே! மூன்று பேரும் ஒரே சொல்லைச் சொல்லி மூன்று நிலத்தை நினைத்துக்கொண்டிருந்தோம். நான் அதற்குள் சாலை வெட்டும் அனுமதியும் ரயில் பாதைக்கு அடியில் குழாய் நுழைக்கும் அனுமதியும் வாங்கி முடித்திருந்தேன். குழாய்கள் வந்து இறங்கி இரண்டு கோடை ரோட்டோரம் காய்ந்தன. உன் ஆட்சேபத்தால் வழி நானூறு மீட்டர் தள்ளியபோது ரயில் பாதையைக் கடக்கும் இடமும் நகர்ந்தது, வாங்கிய அனுமதி செல்லாமல் போனது. மறுபடி வரைபடம், மறுபடி கட்டணம். அந்த இரண்டு கோடையும் மேல்சாதி கீழ்சாதி வித்தியாசம் இல்லாமல் ஊரே லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வராது.

உன்மேல் அன்று எனக்கு இருந்த கோபம், உங்கள் வாட்சர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த யானைத் தடத்தைக் காட்டிய நாளில் போய்விட்டது. நான் குழி வெட்ட இருந்த இடத்தின் குறுக்கே, வருசா வருசம் நடந்து நடந்து சிமெண்ட் போட்டது போல இறுகிய பாதை. ஆறடிக் குழியைத் திறந்து போட்டிருந்தால் ஒரு குட்டி விழுந்திருக்கும். நீ நிறுத்தியது சரி. ஆனால் வழியைக் குறிப்பதற்கு முன்பே என்னை அங்கே கூட்டிப்போயிருக்க வேண்டும், அல்லது நான் வந்து கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு.

அதைத்தான் கவிதாவிடம் சொன்னேன். விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால் வருவாய், வனம், நெடுஞ்சாலை, ரயில்வே, மின்வாரியம் எல்லாரையும் ஒரே நாள் ஒரே வரைபடத்தோடு அந்த வழியில் நடக்க வை. நடந்து முடித்து எல்லாரும் ஒப்புக்கொண்ட வழிக்கே எல்லா விண்ணப்பமும் ஒன்றாகப் போகட்டும். 2018-இல் வந்த பரிவேஷ் இணையதளத்தில் சுற்றுச்சூழல், வனம், வனவிலங்கு அனுமதிகளை ஒரே இடத்தில் கேட்கலாம், நம் காலத்தில் அந்த வசதி இல்லை. ஆனால் ரயில்வேயும் மின்வாரியமும் அதில் வராது, அவற்றுக்குத் தனியாகத்தான் நடக்க வேண்டும். வன அனுமதி இரண்டு கட்டமாக வரும் என்பதை அவள் அட்டவணையில் போடவே இல்லை. முதலில் கொள்கை அளவில் ஒப்புதல். பிறகு எடுக்கும் காட்டின் மதிப்புக்கு ஈடாகக் கட்டும் நிகர மதிப்புத் தொகை, மாற்று மரம் வளர்ப்புக்கான பணம் எல்லாம் கட்டி நிபந்தனைகளை முடித்தால்தான் இறுதி அனுமதி. அந்தப் பணத்தை மதிப்பீட்டிலேயே சேர்க்காவிட்டால் கோப்பு அங்கே படுத்துக்கொள்ளும். புலிகள் காப்பகத்துக்குள் ஒரு முழம் போனாலும் தேசிய வனவிலங்கு வாரியம் வரை போக வேண்டும், அதனால் முடிந்தவரை சுற்றிப் போ என்றேன்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியவில்லை. வழியில் இரண்டு மலைவாழ் மக்கள் ஊர்கள் இருக்கின்றன. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில், கிராம சபை பரிந்துரைத்தால் அந்த ஊர்களுக்கான குடிநீர்க் குழாய்க்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், எடுக்க வழி இருக்கிறது. அந்தக் கிளைக் குழாய்களைத் தனியாகப் பிரித்து அப்படிக் கேட்டால் பெரிய கோப்போடு சேர்ந்து அவர்களும் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பிரிவை எனக்குச் சொன்னதே நீதான், ஓய்வுபெற்ற பிறகு பவானிசாகரில் மீன் சாப்பிட்டுக்கொண்டே.

சீக்கிரம் வேண்டும் என்பதற்காக ஆய்வையே தள்ளிவிட வேண்டும் என்று பேசுகிறவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்களைத் தாமதப்படுத்தியது உங்கள் ஆய்வு என்று நான்கூட நம்பியிருந்தேன். உங்களைக் கடைசியாகக் கேட்டோம், அதனால்தான் தாமதம்.

மாசி பிறப்பதற்குள் கவிதாவும் மற்றத் துறைக்காரர்களும் அந்த வழியில் நடக்கிறார்கள். முட்டி ஒத்துழைத்தால் அரை நாள் நீயும் வா. காப்புக்காட்டு எல்லைக் கல்லை எப்படித் தேடுவது, பழைய அறிவிக்கையில் எல்லையை எப்படிப் படிப்பது என்று அந்தப் பிள்ளைக்கு நீதான் சொல்லித்தர வேண்டும். கோபியிலிருந்து முதல் பஸ் பிடித்தால் ஒன்பது மணிக்கு வந்துவிடலாம், நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். வரும்போது உங்கள் தோட்டத்து வெல்லம் ஒரு கிலோ எடுத்து வா, வீட்டில் அம்மணி கேட்டாள்.

அன்புடன்,
ராமசாமி