ஞாயிறு சாயங்காலக் கடிதம்

டல்லஸ்,
அக்டோபர் 12

அன்புள்ள முருகேசா,

படத்தில் என் மகள் கயல் போட்டிருக்கும் பனியனில் என்ன சூத்திரம் என்று கேட்டிருந்தாய். இயற்பியல் வாத்தியாருக்கு வேறென்ன தோன்றும்! அது அவள் சேர்ந்திருக்கும் சொராரிட்டியின் பெயர், கிரேக்க எழுத்தில். இங்கே கல்லூரியில் பெண்கள் சேரும் சங்கம் சொராரிட்டி, பையன்களுடையது பிரட்டர்னிட்டி. 1776-இல் வர்ஜீனியாவில் ஃபை பீட்டா காப்பா என்று ஒரு மாணவர் சங்கம் கிளம்பியது. அதிலிருந்தே இந்தக் கிரேக்க எழுத்துப் பைத்தியம்.

வகுப்பு தொடங்கும் முன்பே, ஆகஸ்டில், 'ரஷ்' என்று ஒரு வாரம். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு வீடு; சேர நினைப்பவள் வீடு வீடாகப் போய்ச் சிரித்துப் பேச வேண்டும். பெண் பார்க்கும் படலம்தான், பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் கிடையாது. இரவில் இரண்டு தரப்பும் பிடித்தது பிடிக்காததை எழுதிக் கொடுக்க, காலையில் பட்டியல் சுருங்கி வரும். மூன்றாம் நாள் போனில் அழுதாள். கடைசி நாள் ஓர் ஒப்பந்தம். அதில் தான் எழுதிக்கொடுத்த வீட்டிலிருந்து அழைப்பு வந்து, வேண்டாம் என்று சொன்னால், அடுத்த வருட ரஷ் வரை இந்தச் சங்கங்களின் கூட்டமைப்பில் உள்ள வேறெந்தச் சங்கத்திலும் அந்தக் கல்லூரியில் சேர முடியாது. பதினெட்டு வயசுப் பெண் அதற்கு அரை நிமிடத்தில் சம்மதித்துவிட்டாள். வீட்டுக்கடன் பத்திரத்தை நான் இரண்டு நாள் வைத்துப் படித்தவன்.

பணத்துக்கு வருகிறேன். முதல் செமஸ்டருக்கு 1,900 டாலர்: சேர்க்கைக் கட்டணம், தலைமையகத்துக்குப் பங்கு, இன்ஷூரன்ஸ், பேட்ஜ். அதுவரை சரி. அப்புறம் சில்லறை ஆரம்பித்தது. விழாவுக்கு விழா ஒரு பனியன், சடங்குக்கு வெள்ளை கவுன், கூட்டத்துக்குப் போகாவிட்டால் 25 டாலர் அபராதம். இப்போது ஒரு சீனியர் இவளுக்கு 'பிக்', அதாவது சங்கத்து அக்கா, என்று கூடை கூடையாகப் பரிசு கொடுக்கிறாள். அடுத்த வருடம் இவள் தன் 'லிட்டில்', அதாவது தங்கை, ஒருத்திக்குக் கொடுக்க வேண்டும். சீர் மாதிரி, திரும்பச் செய்தே ஆக வேண்டும். போதாததற்கு இரண்டாம் வருடம் அந்த வீட்டிலேயே தங்கியாக வேண்டுமாம். நம் விடுதியில் சாப்பாட்டுச் செலவை எல்லோருக்கும் பங்குபோடும் டிவைடிங் பில் எகிறினால் மெஸ் செயலரைப் பிடித்து உலுக்குவோமே, ஞாபகமிருக்கிறதா? இங்கே உலுக்க ஆளில்லை. கார்டிலிருந்து தானாகப் போய்விடுகிறது.

எனக்கு முதலில் வந்த பயம் ராகிங்தான். மருத்துவ மாணவன் நாவரசு ராகிங்கில் கொலையான 1996-இல் நம் தெருவே எப்படி உறைந்து கிடந்தது! மறு வருடமே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்துவிட்டது. இங்கே, பிரட்டர்னிட்டிகளில் குடிக்க வைத்தே பையன்கள் செத்திருக்கிறார்கள். அந்தச் சம்பவங்களைக் கல்லூரிகள் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்ற மத்தியச் சட்டத்துக்கு 2024 டிசம்பர் வரை ஆனது. கயலைக் கேட்டால் "எங்க வீட்ல சாராயமே உள்ள வரக் கூடாதுப்பா" என்கிறாள். உண்மைதான், பெண்கள் சங்க வீடுகளில் அப்படித்தான் விதி. பார்ட்டியெல்லாம் பையன்கள் வீட்டில் நடக்கிறது. அதைக் கேட்டு நிம்மதிப்படுவதா என்று தெரியவில்லை.

என் மனைவி சாந்தி மகள் பக்கம். நாலு பேர் பழக்கம் வேண்டும், நாளைக்கு வேலைக்கு உதவும் என்கிறாள். இருக்கலாம். எனக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்ததும் நம் விடுதி சீனியர்தானே? அதற்கு எனக்கு ஆன செலவு நாலு பரோட்டா, ஒரு ஆம்லெட்.

சரி, உன் பென்ஷன் பேப்பர் நகர்ந்ததா? மூட்டுக்கு எண்ணெய் போதும் என்று இருந்துவிடாதே, டாக்டரைப் பார்.

ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் போன் செய்வது வழக்கம். இப்போது அந்த நேரத்தில் வாராந்திரக் கூட்டம், போனை வெளியே ஒரு கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். அதனால்தான் இவ்வளவு நீளமாக உனக்கு எழுத நேரம் கிடைத்தது.

அன்புடன்,
ராஜா