ஊர் மலர் அச்சுக்குப் போகுமுன்: கொழும்பிலுள்ள ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கூடும் யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்கள் பல, தங்கள் ஊரின் வரலாற்றை மலராக வெளியிடுகின்றன. இருநூறு குடும்பம்கூட இல்லாத சிற்றூருக்கு அந்த மலரைவிட்டால் வேறு எழுத்துப் பதிவு அநேகமாக இராது. அதில் ஓர் எண் பிழைத்தால், பின்னால் எழுதுபவர் எல்லோரும் அதையே எடுத்தெழுதுவார்கள். அதனால்தான் இந்த மடல்.

முதலில் எல்லையைத் தீர்மானியுங்கள். பிரதேச செயலகம் தரும் சனத்தொகை கிராம அலுவலர் பிரிவுக்கு உரியது, ஊருக்கு உரியதல்ல. ஒரே பிரிவுக்குள் மூன்று சிற்றூர் இருக்கலாம். ஓர் ஊரே இரண்டு பிரிவாகப் பிரிந்தும் கிடக்கலாம். குறிச்சி, ஒழுங்கை வாரியாகக் குடும்பங்களை எண்ணித் தரும்படி கிராம அலுவலரைக் கேளுங்கள். எண்ணிக்கை போதும், ஆட்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் மலருக்கு வேண்டாம். வாக்காளர் இடாப்பு மட்டும் போதாது. சிறுவர் அதில் இல்லை. கொழும்பில் இருந்துகொண்டு ஊரில் பதிவை வைத்திருப்போர் அதில் உண்டு. பதிந்த குடும்பம், வசிக்கும் குடும்பம் என்று இரண்டு நிரலாகப் போடுங்கள்.

பழைய தொகைக்குக் குடிசன மதிப்பீடுகள் இருக்கின்றன. முதலாவது 1871இல் நடந்தது. 1911ஆம் ஆண்டு மதிப்பீட்டுக்கு நகரங்களும் ஊர்களும் தனித்தனியே வரும் தொகுதியே உண்டு. கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் விசாரியுங்கள். 1981க்குப் பிறகு வடக்கு முழுவதையும் உள்ளடக்கிய மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. நடுவில் போரால் வந்த 1995 இடப்பெயர்வு இருக்கிறது. அந்த இடைவெளியைச் சராசரி போட்டு நிரப்பாதீர்கள். மாவட்டத் தொகையிலும் கவனம் வேண்டும். 1981இல் யாழ்ப்பாண மாவட்டம் 8,30,552 பேர் என்பது கிளிநொச்சியையும் சேர்த்த கணக்கு. கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமானது. அதை நீக்கினால் 7,38,788. இதைத்தான் 2012ஆம் ஆண்டுத் தொகையோடு ஒப்பிட வேண்டும்.

காணி அளவில் இன்னொரு குழி உண்டு. காணி உறுதியில் "பரப்பு" என்ற அளவைக் கண்டதும் 16ஆல் வகுத்து ஏக்கராக்கிவிடுகிறார்கள். தோட்டக் காணிக்கு, அதாவது வரகு விதைப்புப் பரப்புக்கு, அது சரி. நெல் விதைப்பாக இருந்தால் 24 பரப்புத்தான் ஓர் ஏக்கர். 48 பரப்பு வயல் 2 ஏக்கர். 16ஆல் வகுத்தால் 3 ஏக்கராகிவிடும். ஊர் வயல் முழுவதையும் இப்படிக் கூட்டினால் பரப்பளவு ஒன்றரை மடங்காகும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைநீரே கிணற்று நீர். ஆகவே புவியியல் பக்கத்தில் கிணறு கட்டாயம் வரவேண்டும். மாரி தொடங்குமுன் புரட்டாதியிலும் மழை ஓய்ந்த தையிலும் ஒரே கிணறுகளின் நீர்மட்டத்தை அளவிடுங்கள். கிணற்றுக் கட்டின் (சுற்றுச் சுவரின்) மேலிருந்து கயிறு விட்டால் கட்டின் உயரத்தைக் கழித்து, தரையிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழத்தை எழுதுங்கள். கட்டு ஒரு கிணற்றில் இரண்டடி, இன்னொன்றில் மூன்றடி. கழிக்காவிட்டால் ஒப்பிடவே முடியாது. உவர் தட்டிய கிணற்றையும் மறைக்காமல் குறியுங்கள்.

1619இல் நல்லூர் போர்த்துக்கேயர் வசமானதும் 1658இல் ஒல்லாந்தர் வந்ததும் எல்லா ஊருக்கும் பொது. அதற்கு ஒரு பந்தி போதும். மிச்சப் பக்கங்களைப் பாடசாலைச் சேர்வு இடாப்புக்கும் அங்கு நடந்தவற்றைப் பதியும் சம்பவத்திரட்டுக்கும் கோயில் கணக்குக்கும் கொடுங்கள். எந்த ஆண்டில் எத்தனை பிள்ளைகள், குளம் எப்போது தூர்வாரப்பட்டது, எந்த மடம் எப்போது இடிந்தது என்பவை உங்கள் ஊருக்கே உரியவை.

ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஆண்டையும் எடுத்த இடத்தையும் போடுங்கள். அச்சானதும் ஒரு பிரதியை எண்ணிமப்படுத்த, தமிழ் நூல்களை இணையத்தில் ஆவணப்படுத்தும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஊர் மலர்களைச் செவ்வை பார்ப்போர் சிலர்,
கொழும்பு