குளவிச் செய்திக்கு நம் ஊர்ப் படம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட செய்தி தங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. தெரிந்தவர் பெயர் ஏதும் இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் நாங்கள் மீதியைப் படிப்போம். அண்மையில் அப்படி வந்த ஒரு செய்தியுடன் வெளியான படத்தைப் பற்றியே இக்கடிதம். உடல் முழுக்க மஞ்சளும் கறுப்புமாய் வரிகள், முகத்தில் நங்கூரம் வரைந்தாற்போல் ஒரு கறுப்புக் குறி. அது ஐரோப்பாவில் சர்வசாதாரணமாகத் திரியும் குளவி. இலங்கையில் நம் தேயிலை மலைகளில் அது கிடையாது.

படம்தானே, இதற்குப் போய் ஒரு கடிதமா என்று தாங்கள் கேட்கலாம். தோட்டங்களில் பெருங்கூட்டமாகத் துரத்திவந்து கொட்டுவது பல சமயங்களில் குளவியே அல்ல, மலைத்தேனீ. பாறை முகட்டின் கீழோ டர்பன்டைன் மரத்தின் உச்சிக் கிளையிலோ ஒரே ஒரு பெரிய அடையாகத் தொங்கும். அதற்கு மேலுறை எதுவும் இல்லை. தேனீக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து தங்கள் உடலாலேயே அடையை மூடியிருக்கும். உண்மையான பெருங்குளவியோ மரநாரை மென்று குழைத்துக் கடதாசி போன்ற உறையுள்ள கூடு கட்டும். இங்கே காணக்கூடிய ஒரு வகையில் வயிற்றின் முன்பாதி செம்மஞ்சள், பின்பாதி கறுப்பு. ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

கொட்டு வாங்கியவருக்கும் இந்த வித்தியாசம் முக்கியம். தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது தோலிலேயே சிக்கி, நச்சுப்பையோடு பிய்ந்து நின்றுவிடும். தேனீ போன பிறகும் அந்தப் பை நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுப்பது என்று யோசித்து நிற்கும் நேரமே கேடு. பெருங்குளவி தன் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை, ஒன்றே பல முறை கொட்டும். அங்கே தேடி எடுக்க ஒன்றுமிருக்காது. மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ இரண்டிலும் வைத்தியசாலைக்கு ஓடுவதுதான் வழி. செய்தியோடு சரியான படத்தையும் இந்த நான்கு வரியையும் போட்டால் யாருக்காவது உதவும்.

படத்துக்கு வெளிநாட்டுக்குப் போகவேண்டியதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலரும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நானும் ஓய்வு நேரத்தில் பூச்சிகளைப் படம் பிடிக்கிறோம். கையடக்கத் தொலைபேசியும் அதன் மேல் மாட்டும் சின்ன வில்லையும் போதும். பனி விலகாத காலைதான் நல்ல நேரம். உடல் சூடேறும்வரை பூச்சிகளால் பறக்க முடியாது. இறக்கையில் நீர்த்துளியோடு உட்கார்ந்திருக்கும், எவ்வளவு கிட்டப் போனாலும் அசையாது. இரவு முழுக்க எரிந்த தொழிற்சாலை விளக்கின் கீழ்ச் சுவரில் விடியற்காலையில் அந்துப்பூச்சிகள் அப்பியிருக்கும். மைனாக்கள் வருவதற்குள் நாம் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

மலை ஓரத்தில் கவ்வாத்துக்குத் தப்பி உயர்ந்துவிட்ட தேயிலைச் செடி பூத்திருக்கும்போது போய்ப் பாருங்கள். வெள்ளை இதழ்களுக்கு நடுவே மஞ்சள் மகரந்தத்தைப் பிசைந்துகொண்டு, வரிவரியான ஒரு 'குளவி' இருக்கும். பார்த்தவுடன் கையை இழுத்துக்கொள்வோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உண்மை தெரியும். உணர்கொம்பு குட்டையாக இருக்கும். தலையில் பெரும்பங்கு கண்களே. குளவிக்கு இரண்டு சோடி இறக்கைகள், இதற்கு ஒரு சோடிதான்; இரண்டாம் சோடி இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலையளவு இரு குமிழ்கள் நிற்கும். இது ஈ இனம். கொட்ட இதற்குக் கொடுக்கே இல்லை. குளவியின் சட்டையைப் போட்டுக்கொண்டு குருவிகளையும் நம்மையும் ஏமாற்றிப் பிழைக்கிறது. இந்த வகை ஈக்களில் பலவற்றின் புழுக்கள் செடிப்பேனைத் தின்று நமக்கு நன்மையும் செய்கின்றன.

பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: மேலிருந்து எடுத்த ஒரு படத்தை வைத்துப் பெயர் கேட்காதே. பக்கவாட்டுப் படம், முகம், இறக்கை நரம்பு தெரியும்படி ஒன்று, உட்கார்ந்திருந்த செடி, இடம், திகதி எல்லாம் வேண்டும். தொலைபேசிச் செயலி கண் இமைப்பதற்குள் ஒரு பெயரைச் சொல்லிவிடும். சொன்ன பூச்சி இலங்கையில் உண்டா என்று பார்க்காமல் எழுதிவைத்தால், தங்கள் பத்திரிகையில் வந்த ஐரோப்பியக் குளவியின் கதைதான். பல பூச்சிகளை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலன்றி இனம் பிரிக்க முடியாது. அப்படிப்பட்டவற்றுக்குக் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வது கௌரவமான காரியம் என்பது என் கருத்து. எல்லாவற்றுக்கும் பெயர் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

பெயர் தெரியாமல் அழித்தால் என்ன ஆகும் என்பதைத் தேயிலையே நமக்குக் காட்டியிருக்கிறது. இலைகளை நூலால் ஒட்டி உள்ளே இருந்து தின்னும் புழு ஒன்று ஒரு காலத்தில் நம் தோட்டங்களைப் பாடாய்ப் படுத்தியது. 1935, 1936 ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து மெலிந்த சிறு குளவி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்று வெளியே வரும். புழுவின் கொட்டம் அடங்கியது. பின்னாளில், தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற நஞ்சைத் தெளித்தபோது இந்தக் குளவியும் சேர்ந்து மடிந்தது. அடங்கியிருந்த புழு மறுபடி தலைதூக்கியது. குளவி என்றாலே தீப்பந்தத்தைத் தூக்குகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

பூச்சி பார்க்கும் வேலை இந்த மலைகளுக்குப் புதிதும் அல்ல. பூண்டுலோயாவில் தோட்டத் தொழிலில் இருந்த எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன், இலங்கையின் செதில் பூச்சிகளைப் பற்றி 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்கள் வெளியிட்டார். அரச பூச்சியியலாளராகவும் பணியாற்றினார். இன்று பூண்டுலோயாப் பிள்ளைகளிடம் கேட்டால் அந்தப் பெயர் தெரியாது. பாடசாலையில் யாரும் சொல்லவில்லை, அவர்கள்மேல் குற்றமில்லை.

பெற்றோர் பயப்படாமல் இருக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படம் எடுப்பது வேறு, போத்தலில் அடைப்பது வேறு. யால தேசிய பூங்காவில் பூச்சிகளைச் சேகரித்த இத்தாலியர் இருவருக்கு 2024இல் நீதிமன்றம் 60 மில்லியன் ரூபா அபராதம் விதித்தது நினைவிருக்கும். ஹோர்ட்டன் சமவெளியும் தேசிய பூங்காதான். அங்கே சுற்றுலா போகும் பிள்ளைகள் ஒரு வண்ணத்துப்பூச்சியைக்கூடக் கையில் எடுத்துவரக் கூடாது.

என் வேண்டுகோள் இதுதான். குளவிக் கொட்டுச் செய்தி வரும் நாளில், இணையத்தில் அகப்பட்ட படத்தைப் போடுவதை நிறுத்துங்கள். மாதத்தில் ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்கி, மலையக வாசகர்கள் எடுத்த பூச்சிப் படங்களை இடமும் திகதியும் போட்டு வெளியிடுங்கள். மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். விட்டுப்போன பாறைக்கும் மரத்துக்கும் மறுபடி வரும் பழக்கம் அதற்கு உண்டு. எந்த மலையில், எந்தப் பாறையில், எந்த மாதம் அடை கட்டியது என்று இரண்டு மூன்று வருடப் படங்கள் சேர்ந்தால், எந்தக் காலத்தில் எந்த மலையில் கொழுந்து பறிக்க ஆட்களை விடக்கூடாது என்று தோட்ட நிர்வாகத்திடம் கையில் ஆதாரத்தோடு பேசலாம். இப்போது நாங்கள் வாயால் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. அடைகளைக் கிட்டப் போய் எடுக்கவேண்டாம், தூரத்திலிருந்து எடுத்தாலே போதும் என்பதையும் அந்தப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

முதல் மாதத்துக்கான படங்களை நாங்களே அனுப்பிவைக்கிறோம். பூவில் இருக்கும் அந்த ஈயின் படமும் அதில் இருக்கும்.

இப்படிக்கு,
தேயிலைத் தொழிற்சாலை ஊழியர் ஒருவர்,
கொட்டகலை