எங்களையும் உள்ளே கூப்பிடுங்கள்

குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர்களுக்கும் பெற்றோருக்குப் பயிற்சி தரும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என் மகனுக்கு ஐந்து வயதில் ஓர் ஆலோசகரிடம் கூட்டிப்போனேன். சொன்ன பேச்சு கேட்பதில்லை, எதற்கெடுத்தாலும் கத்தல், கையில் கிடைத்ததை வீசுவது. வாராவாரம் அவன் உள்ளே போவான், கதவு சாத்தப்படும், நான் வெளியே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். முடிந்ததும் "நல்லா விளையாடினான்" என்பார். அவ்வளவுதான். மூன்று மாதம் இப்படியே போனது. அந்த அறைக்குள் அவன் தங்கம். வீட்டுக்கு வந்தால் பழைய குருடி, கதவைத் திறடி.

அந்த ஆலோசகர் கெட்டிக்காரர்தான். ஆனால் வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் முக்கால் மணி நேரம் போக மிச்சமெல்லாம் அவன் இருந்தது என்னோடுதானே?

அடுத்துப் போன இடத்தில் "நீங்களும் வாங்க" என்றார்கள். "அஞ்சு நிமிஷம் அவன்கூட விளையாடுங்க, நான் ஓரமா இருக்கேன்." மகன் கட்டை அடுக்க ஆரம்பித்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உற்சாகமாகத்தான் பேசினேன்: "இது என்ன கலர்? ஏன் இங்க வைக்கிற? பெருசைக் கீழ வை, விழுந்துடும். இது வீடா, பாலமா?" ஐந்து நிமிடம் முடிந்ததும் அவர் ஒரு தாளைக் காட்டினார். கோடு கோடாக எண்ணி வைத்திருந்தார். கேள்வி 23, கட்டளை 14, பாராட்டு 1. அந்த ஒன்றும், "பரவாயில்லையே" என்று நான் சொன்னதுதான். விளையாடுவதாக நினைத்துக்கொண்டு அவனுக்குப் பரீட்சை வைத்திருக்கிறேன்.

இது உங்களுக்குப் புதிதல்ல. பெற்றோருக்கே விளையாட்டுச் சிகிச்சையைக் கற்றுக்கொடுக்கும் வேலையை 1960களிலேயே அமெரிக்க உளவியலாளர்களான பெர்னார்ட், லூயிஸ் கர்னி தம்பதி தொடங்கிவிட்டார்கள். 1970களில் ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் உருவாக்கிய பெற்றோர்-குழந்தை ஊடாட்டச் சிகிச்சை, முக்கியமாக 2 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கானது. அதில் சிகிச்சையாளர் ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு அப்பால் நின்று, பெற்றோரின் காதிலுள்ள இயர்போன் வழியாக அந்தந்த நொடியிலேயே சொல்லிக்கொடுக்கிறார். ஐந்து நிமிட விளையாட்டில் பெற்றோர் எட்ட வேண்டிய இலக்கு: எதற்கென்று குறிப்பிட்ட பாராட்டு 10, குழந்தை சொன்னதைத் திருப்பிச் சொல்வது 10, செய்வதை விவரிப்பது 10. கேள்வி, கட்டளை, குறை எல்லாம் சேர்த்து மூன்றுக்குள். இது கைவந்த பிறகுதான் கண்டிப்புக்கான பாடம். நாங்களோ முதல் நாளே கண்டிப்பதற்கு வழி கேட்டுக்கொண்டு வருகிறோம்!

"சிவப்புக் கட்டை மேல நீலக் கட்டையை வைக்கிற" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி பேச எனக்கு முதல் வாரம் கூச்சமாக இருந்தது. தினம் ஐந்து நிமிடம் வீட்டுப்பாடம். பத்தாவது நாளோ என்னவோ, அவனாகவே ஒரு கட்டையை என் பக்கம் தள்ளி, "நீயும் வை" என்றான். கத்தல் நிற்க இன்னும் பல மாதம் ஆனது. இப்போதும் அடியோடு நின்றபாடில்லை. ஆனாலும் அந்தக் கட்டை எனக்குப் போதுமாக இருந்தது.

அதனால்தான் கேட்கிறேன். "பிள்ளையைச் சரிபண்ணிக் கொடுங்க" என்று ஒப்படைத்துவிட்டுப் போகப் பார்க்கும் எங்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். நாங்கள் பேசுவதைக் காதால் கேளுங்கள், அங்கேயே திருத்துங்கள். அறிவுரைக் கையேடுகள் வேண்டாம், வீட்டில் நிறைய இருக்கின்றன.

பதின்ம வயதுப் பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்கள் தனியாகச் சொன்னதை எங்களிடம் ஒப்பிக்க வேண்டாம். எதை ரகசியமாக வைப்பீர்கள், உயிருக்கு ஆபத்து என்றால் எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதை மட்டும் முதல் நாளே இருவரையும் வைத்துக்கொண்டு பேசிவிடுங்கள்.

பயிற்சியாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பல நாடுகளில் உங்கள் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை. படுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்த, ஹோம்வொர்க் சண்டையைக் குறைக்க நீங்கள் போதும். ஆனால் மனச்சோர்வு, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, வீட்டில் அடிதடி என்று வந்தால் அடுத்த அமர்வுக்குத் தேதி கொடுக்காமல் தகுந்த சிகிச்சையாளரிடம் அனுப்புங்கள். அனுப்பியதற்காக எந்தப் பெற்றோரும் உங்களைக் குறைவாக நினைக்கப்போவதில்லை.

அறையில் இன்னொரு நாற்காலி போட இடமில்லை என்றாலும் சரி, தரையில் உட்கார்ந்துகொள்கிறோம். கட்டை அடுக்க அதுதான் வசதி.

இப்படிக்கு,
வெளியே காத்திருந்த ஒரு தாய்